குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கலாமா?

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இறால் வணிகம் தொடங்கவிருந்த இளைஞர் ஒருவர் ஒரு மாலையில் நம்மைக் காண வந்தார். பண்டைச் சீனரின் போர்த்தந்திரங்களை இன்றைய வணிகத்தில் கையாளக் கற்பிக்கும் நூல் ஒன்று அவர் கையில் இருந்தது. "சுவாமி, இதில் உள்ளபடி தொழில் செய்தால் பாவமா?" என்று கேட்டார். என்ன செய்ய எண்ணியிருக்கிறார் என்று வினவினோம். படகுகள் கரைசேரும் வேளையில், சென்னையில் விலை விழுந்துவிட்டதென்று ஒரு பேச்சைப் பரப்புவது அவர் திட்டம். பனிக்கட்டி உருகுமுன் விற்றாக வேண்டியவர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவராகக் கருதப்படும் சுன் சூ, 13 இயல்கள் கொண்ட தம் போர்நூலில், பகைவனை ஏமாற்றுவதே போரின் அடிப்படை என்றார். ஆசிரியர் பெயர் அறியப்படாத 'முப்பத்தாறு தந்திரங்கள்' அதனினும் வெளிப்படையானது. நீரைக் கலக்கி மீனைப் பிடி என்பது அதன் 20ஆம் தந்திரம். குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பதென்று நாமும் சொல்கிறோம். ஆனால் சீன நூலில் அது படைத்தலைவனுக்கு அறிவுரை; நம் வழக்கிலோ, பிறர் கலக்கத்தில் ஆதாயம் தேடுவோர்மீது சுமத்தும் பழி. இவ்வேறுபாடு ஏன்?

போரில் எதிரே நிற்பவன் பகைவன். அங்கும் எல்லாம் தகும் என்று திருச்சபையின் அறிஞர் கூறவில்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினார், பதுங்கித் தாக்குவது முறையா என்ற வினாவை எழுப்பி, ஏமாற்றுதலை இருவகையாகப் பிரித்தார். நம் எண்ணத்தை வெளிப்படுத்தாதிருப்பது ஒன்று, அது தகும். பொய்யுரைப்பதும் வாக்கு மீறுவதும் மற்றொன்று. அது பகைவனிடத்தும் தகாது.

வணிகத்திற்கும் அவர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். தானியம் அரிதாகி விலை ஏறிய ஊருக்கு ஒரு வணிகர் தானியம் கொண்டு வருகிறார். பின்னால் இன்னும் பலர் கொண்டுவருவதை அவர் அறிவார். அதை வாங்குவோரிடம் சொல்லியாக வேண்டுமா? நீதி அவரைக் கட்டாயப்படுத்தாது. சொன்னால் அது மேலான அறம் என்பதே அக்குவினாரின் முடிவு.

ஆகவே நம் இளைஞர், தாம் தர எண்ணியுள்ள உச்ச விலையையும், சரக்கை யாரிடம் விற்கிறார் என்பதையும் வெளியிட வேண்டியதில்லை. பாம்பின் முன்மதியை ஆண்டவரும் நம்மிடம் எதிர்பார்த்தார். கூடவே புறாவின் கபடமின்மையையும் கேட்டார். இல்லாத விலைவீழ்ச்சியை உண்டாக்கிச் சொல்வது மௌனம் அன்று, பொய். நீரைக் கலக்குவது அங்கேதான்.

வணிகமே போராக நடந்த ஊர் பழவேற்காடு. 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் இங்கிருந்த டச்சு வணிகக் கிடங்கைத் தாக்கினர். 1613இல் டச்சுக்காரர் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். துணி வாங்க வந்தவர்கள் பீரங்கிகளுடன் அமர்ந்தார்கள். இன்று எஞ்சியிருப்பவை சிதைவுகளும் கல்லறைகளுமே. இதே ஏரியில் மீனவர்களின் 'பாடு' முறையும் பல தலைமுறைகளாக இருந்து வந்துள்ளது. யார், எந்நாள், எவ்விடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே அது. அதில் இடம்பெறாதோரின் மனக்குறை உண்டு. ஆயினும் யாருடைய முறை எப்போது என்பதை அனைவரும் அறிவர். போட்டி இருக்கிறது, பகை இல்லை. நாளையும் அதே நீரில் இறங்க வேண்டியவர்கள் நீரைக் கலக்குவதில்லை.

"நான் சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்வார், சுவாமி. கடன் வாங்கி முதல் போட்டிருக்கிறேன்" என்றார் இளைஞர். அவர் அச்சம் மெய்யானது. உண்மை பேசினால் இழப்பே வராது என்று நாம் உறுதி கூறவில்லை. கூறியிருந்தால் அதுவும் ஒரு தந்திரமாகிவிடும். ஒன்றை மட்டும் கேட்டோம்: "தம்பி, படகிலிருந்து இறங்கும் உன் தந்தையே இன்றைய விலை என்னவென்று கேட்டால், என்ன சொல்வாய்?"

அவர் விடை கூறாமல் எழுந்து சென்றார். அக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. கடை வைத்திருப்போரும், கூலி கொடுப்போரும், வட்டிக்குக் கொடுப்போரும் கேட்டுக்கொள்ள வேண்டியது அது. நம் தராசின் முன் நிற்பவர் பகைவரா, அயலாரா? இதற்கு விடை கண்டால், எந்தத் தந்திரம் தகும், எது தகாது என்பது தானே தெளியும்.