மொழிபெயர்ப்பும் கடப்பாடும்: ஆங்கிலவழித் தமிழ் அடையாளம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

மொழிபெயர்ப்பைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் திறன் பற்றியனவாகவே அமைகின்றன. சொல் பொருந்தியதா, நடை இயைந்ததா, மூலத்தின் பொருள் முழுமையாக வந்துற்றதா என்பனவே அவற்றுள் எழுப்பப்பெறும் வினாக்கள். இவை இன்றியமையாதன. ஆயினும் இவற்றிற்கு முன்னர்க் கேட்கப்பெற வேண்டிய வினா ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பாளர் யாருக்குக் கடன்பட்டவர் என்பதே அது. தமிழில் கடன் என்னும் சொல் திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். செய்தே தீரவேண்டிய கடமையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் மொழிபெயர்ப்புக்குப் பொருந்துவன. பிறர் சொல்லைப் பெற்றுக்கொண்டவர் அதனை எவ்வாறு, யாரிடம் திருப்பித் தருகிறார் என்பது அறவியல் சார்ந்த வினாவாகும்.

தமிழ் நூல்கள் ஆங்கிலம் சென்ற வரலாற்றிலிருந்து திருக்குறள், குறுந்தொகை, பாமாவின் கருக்கு ஆகிய மூன்றனையும் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய முற்படுகிறது.

வழிநூலும் அதரும்

மொழிபெயர்ப்பு பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாக வகுத்து, வழிநூல் அமையும் நால்வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைச் சுட்டுகிறது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுதலின், மொழிபெயர்ப்பு ஒரு நூலாக்கச் செயலாகவே அங்குக் கருதப்பட்டது எனலாம். அதனைக் கூறுமிடத்து 'அதர்' என்னும் சொல் ஆளப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. அதர் என்பது வழி. மொழிபெயர்த்து ஆக்கப்படும் நூல் ஒரு நெறிக்கு உட்பட்டு நடத்தல் வேண்டும் என்னும் கருத்து அச்சொல்லில் அடங்கியுள்ளது. முதல்நூலிடத்துச் சிதைவு இல்லை எனவும், வழிநூலின் யாப்பினுள் அது நேரக்கூடும் எனவும் மரபியல் மேலும் கூறுகிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் உரிமையுடையவர். அதே பொழுதில் பிறிதொன்றற்குப் பொறுப்புடையவர் என்னும் இருநிலை நம் இலக்கணத்திலேயே இடம்பெற்றுள்ளது.

அந்தப் பிறிதொன்று முதல்நூல் மட்டுமா என்பதே இங்கு எழும் சிக்கல்.

விடுபட்ட பால்

திருக்குறளின் ஐரோப்பிய மொழிபெயர்ப்பு வரலாறு ஒரு விடுபடலோடு தொடங்குகிறது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார், காமத்துப்பாலைப் பெயர்த்தாரல்லர். 19ஆம் நூற்றாண்டில் குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் தந்த துரூ பாதிரியார், மூன்றாம் பாலை ஐரோப்பிய மொழியில் பெயர்ப்பது பெயர்ப்பவருக்கே இழுக்காகும் என்னும் கருத்தினராயிருந்தார். 1886இல் 1330 குறட்பாக்களையும் ஆங்கிலச் செய்யுளில் வெளியிட்ட ஜி.யு. போப், தம் முற்சார்பு காரணமாகச் சில ஆண்டுகள் மூன்றாம் பாலைப் படியாதிருந்ததைத் தாமே ஒப்புக்கொண்டுள்ளார்.

இவ்வொப்புதல் மொழிபெயர்ப்பு அறத்தின் முதற்படி எனக் கருதலாம். முன்னோர் இருவரும் தம் வாசகர்தம் நாணத்திற்குக் கடன்பட்டனர். அதன் விளைவாக வள்ளுவர் ஓர் அறவுரையாளராக மட்டுமே அவ்வாசகரிடம் சென்று சேர்ந்தார். காதலையும் வாழ்வின் உறுதிப்பொருளாகக் கொண்ட ஒரு சமுதாயத்தின் முழுமுகம் அங்கே பாதியாயிற்று. போப் தம் முற்சார்பை அறிந்து, அதனைக் கடந்து, நூலை முழுமையாகத் தந்தார்.

எனினும் அவர்தம் பெயர்ப்பிலும் வேறொரு வகைக் குறைவு நேர்ந்தது. அறம் என்னும் சொல்லுக்கு அவர் கொண்ட 'வர்ச்சு' என்னும் ஆங்கிலச் சொல் தனிமனிதரின் நற்பண்பை முதன்மையாகக் குறிப்பது. இல்வாழ்வானின் கடமை, விருந்தோம்பல், ஒப்புரவு, ஈகை எனப் பிறரை நோக்கி விரியும் அறத்தின் பரப்பு அச்சொல்லுள் அடங்குவதில்லை. இது போப்பின் பிழை எனல் பொருந்தாது. அவருடைய மொழியில் அறம் என்பதற்கு நேர்ச்சொல் இல்லை. ஆனால் அவ்வாங்கிலத்தை மட்டும் கொண்டு வள்ளுவரை மதிப்பிடும் ஆய்வாளர், ஆங்கிலச் சொல்லின் எல்லையை வள்ளுவர் சிந்தனையின் எல்லையாகக் கொள்ளும் இடர் உண்டு.

இந்தியச் சூழலில் இவ்விடர் இரட்டிப்பாகிறது. ஓர் இந்திய மொழியிலிருந்து மற்றோர் இந்திய மொழிக்குச் செல்லும் நூல்களுள் பல ஆங்கிலத்தின் வழியாகவே செல்கின்றன. ஆங்கிலத்தில் விடுபட்டதை வங்காளத்திலோ மராத்தியிலோ பெயர்ப்பவர் மீட்டெடுக்க இயலாது. இடைவழி மொழியில் பெயர்ப்பவர் தமக்குத் தெரியாத வாசகர்களுக்கும் கடன்பட்டவராகிறார்.

நூலகத்தில் கிடைத்த குறுந்தொகை

ஏ.கே. இராமானுசன் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிதை எழுதியவர். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடிச் சென்றவருக்கு, உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை கிடைத்ததை அவரே பதிவு செய்துள்ளார். அதன் பயனாக 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கிலத் தொகுதி வெளிவந்தது. உலக இலக்கிய வாசகர் பலர் சங்கக் கவிதையை அறிய அந்நூலே வாயிலாயிற்று.

இங்கு நாம் கருதவேண்டியது யாதெனில், பிறப்பால் தமிழரான ஒருவருக்கும் சங்க இலக்கியம் தானே வந்து வாய்க்கவில்லை என்பதாகும். மரபு பிறப்புரிமையாகக் கிட்டுவதன்று, முயன்று ஈட்டப்படுவது என்னும் கருத்தை இராமானுசன் பின்னாளில் வலியுறுத்தினார். பண்பாட்டு அடையாளத்தை இரத்தத்தோடு பிணைத்துப் பேசுவோர்க்கு இது தக்க மறுமொழியாகும்.

அவர்தம் பெயர்ப்பு முறையிலும் கடன் பற்றிய உணர்வு புலப்படுகிறது. தலைவி, தோழி, செவிலி ஆகியோர் பெயரற்றவர்களாகவே அங்கு நிற்கின்றனர். கூற்று முறை தலைப்பாக அமைகிறது. திணைக் கோட்பாட்டை விளக்கும் நெடிய பின்னுரை இணைக்கப்பட்டுள்ளது. வரிகளைத் தாளில் பரப்பி அமைத்த முறை புத்தாங்கிலக் கவிதைக்கு உரியது என்றும், பழந்தமிழ் யாப்பின் ஓசை அதில் இல்லை என்றும் குறை கூறலாம். அக்குறை உண்மையே. ஆயினும் ஓசையை இழந்தவர் இழப்பை மறைக்கவில்லை. தாம் தருவது எதன் பகுதி என்பதைப் பின்னுரையில் வாசகருக்கு உணர்த்தினார். பெயர்ப்பில் இழப்பு தவிர்க்க இயலாதது. இழப்பை மறைத்தல் தவிர்க்க இயல்வது. அறம் இவ்விரண்டற்கும் இடையிலேயே தொடங்குகிறது.

கருக்கு: பேசப்பட்டோர் குரல்

மேற்கண்ட இரு சான்றுகளிலும் முதல்நூலார் காலத்தால் நெடுந்தொலைவில் உள்ளனர். அவர்களுடைய மக்கள் எழுந்து வந்து வினவப்போவதில்லை. 1992இல் வெளிவந்த பாமாவின் கருக்கு அத்தகையதன்று. தலித் கிறித்தவப் பெண் ஒருவர் தம் வாழ்வையும் தம் மக்கள் வாழ்வையும் அம்மக்களின் பேச்சுத் தமிழிலேயே எழுதிய நூல் அது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கிலப் பெயர்ப்பு 2000இல் வெளிவந்தது. கிராஸ்வேர்ட் விருதும் பெற்றது. பனைமட்டையின் அரம் போன்ற விளிம்பைக் குறிக்கும் தலைப்புச்சொல் பெயர்க்கப்படாமலே நிறுத்தப்பட்டது. அச்சொல்லுக்கு இணையில்லை என்பதை வாசகர் தலைப்பிலேயே எதிர்கொள்ள வேண்டும் என்னும் அம்முடிவு போற்றத்தக்கது.

ஆனால் கருக்கின் கிளர்ச்சி அதன் செய்தியில் மட்டும் இல்லை. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே நிற்கும் ஏற்றத்தாழ்வு சாதியோடும் கல்வியோடும் பிணைந்தது. எழுதத் தகாதது என ஒதுக்கப்பட்ட பேச்சில் ஒரு நூலை முழுவதும் எழுதியமையே அங்கு எதிர்ப்பு. ஆங்கிலத்திலும் வட்டார வழக்குகள் உண்டு. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் வேறொரு நாட்டு மக்களின் வரலாறு உடன்வந்துவிடும். பொதுநடையைத் தேர்ந்தால் கிளர்ச்சி மங்கிவிடும். எத்தேர்விலும் ஒன்று இழக்கப்படும் நிலை இது.

இதன் பொருளை இக்கட்டுரையாளர் உணர்ந்தது ஏட்டின் வழியாக அன்று. தமிழகத்திற்கு வெளியே உள்ள தமிழ்த்துறை ஒன்றில் பணியாற்றுகையில், ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவி ஒருவர் கருக்கின் ஆங்கிலப் பெயர்ப்போடு வந்தார். பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையினர் அவர். வீட்டில் தமிழ் பேசுவார். எழுதப் படிக்க அறியார். அப்பாடத்தைப் பற்றிக் கேட்ட பாட்டிக்குச் சில பகுதிகளைத் தாமே தமிழாக்கிச் சொல்லியிருக்கிறார். தென்மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த பாட்டி, "இது யாரோ படிச்சவுக பேசுற மாதிரில்ல இருக்கு" என்றாராம். பின்னர் மூல நூலை எடுத்துச் சென்று அதே பகுதிகளைப் படித்துக் காட்டியபோது அவர் இடையிடையே சிரித்தார். ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். அதன்பின் அம்மாணவி எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கத் தொடங்கினார்.

இந்நிகழ்வைக் கொண்டு ஆங்கிலப் பெயர்ப்பைக் குறைகூறுதல் நேர்மையாகாது. அப்பெயர்ப்பு இல்லையெனில் அம்மாணவிக்குக் கருக்கு என்றொரு நூல் உண்டென்பதே தெரிந்திராது. ஆனால் யாருடைய வாழ்வு எழுதப்பட்டதோ அவரிடம் அது திரும்பி வந்தபோது அவர் தம்மை அதில் காணவில்லை என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே இப்பொருளில் நமக்குரிய கடினமான பணி.

மூன்றாவது கடன்

இதுகாறும் கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று கடன்கள் உண்டு எனத் துணியலாம். முதல்நூலுக்குரிய கடன் ஒன்று. படிப்போர்க்குரிய கடன் மற்றொன்று. 1813இல் செருமானிய அறிஞர் சிலையர்மாகர் வாசகரை ஆசிரியரிடம் கொண்டு செல்வதா, ஆசிரியரை வாசகரிடம் கொண்டு வருவதா என எழுப்பிய வினா இவ்விரண்டனுள் அடங்கும். நூலில் பேசப்பட்ட மக்களுக்குரிய கடனே மூன்றாவது. அவர்கள் அந்நூலின் ஆசிரியர் அல்லர். பெரும்பாலும் வாசகரும் அல்லர். அவர்களுடைய பெயரால்தான் பண்பாட்டு அடையாளம் என்னும் சொல் வழங்கப்படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று எழக்கூடும். பேசப்பட்ட மக்களின் ஒப்புதலே அளவுகோல் எனில், அவர்கள் பெயரால் எழும் எந்தக் குழுவும் எழுத்தைத் தடுக்கலாமன்றோ? பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010இல் தமிழிலும் 2013இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது. 2015 ஜனவரியில் அவர் தம் எழுத்து வாழ்வு முடிந்ததாக அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய எழுத்துரிமையை நிலைநாட்டியது. ஒரு வட்டாரத்து மக்களின் பெயரால் அவ்வட்டாரத்து எழுத்தாளரே வாய்மூடச் செய்யப்பட்ட இந்நிகழ்வு மறக்கற்பாலதன்று.

ஆகவே வரையறை தேவைப்படுகிறது. மூன்றாவது கடன் என்பது இசைவு பெறுதல் அன்று. விடை கூற ஆயத்தமாயிருத்தல். கேட்க வருபவரிடம், நான் இதனை இவ்வாறு பெயர்த்ததற்குக் காரணம் இது, இழந்தது இது எனச் சொல்லக்கூடிய நிலையில் பெயர்ப்பாளர் இருத்தல் வேண்டும். ஒரு குழுவின் தடைக்குப் பணிவது அக்கடனைச் செலுத்துதல் ஆகாது. அம்மக்களுள் வலியோரும் எளியோரும் உண்டு. பெரும்பாலும் வலியோரின் குரலே மக்கள் குரலாக ஒலிக்கிறது. விடை கூறும் பொறுப்பு எளியோர்க்கும் உரியது; ஒருவேளை அவர்க்கே முதலில் உரியது.

முடிவுரை

மேற்கண்ட கருத்துகள் மொழிபெயர்ப்பாளரோடு நின்றுவிடுவன அல்ல. தமிழ்ப் பண்பாட்டைப் பற்றி ஆங்கிலப் பெயர்ப்புகளை மட்டும் கொண்டு ஆய்வேடு எழுதப்படுமாயின், அவ்வாய்வாளரும் கடன்பட்டவராவார். மூலத்தை அறியாமை குற்றமன்று. அறியாமையைத் தெரிவியாமை குற்றம். மூலம் அறிந்த ஒருவரோடு ஒப்பிட்டுப் பார்த்தல், பெயர்ப்பின் பெயராலேயே கருத்தை மொழிதல் ஆகியன எளிய நெறிகள். தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. ஆங்கிலத்துறை மாணவர் மூலத்தைத் தேடி வருங்கால் நம் வாயில் திறந்திருத்தல் வேண்டும். தமிழைத் தூய்மையின் பெயரால் பூட்டி வைத்துவிட்டு ஆங்கிலம் அதனைத் திரித்துவிட்டதென வருந்துதல் பொருளற்றது.

வேங்கடத்திற்கு அப்பால் உள்ள நிலத்தை மொழிபெயர் தேயம் எனச் சங்க அகப்பாடல்கள் குறிக்கும். பொருள் தேடி அங்குச் சென்ற தலைவன் திரும்பி வருவான் என்னும் நம்பிக்கையிலேயே பாலைத்திணை நிலைபெறுகிறது. மொழியைக் கடந்து சென்ற நூலுக்கும் அத்தகைய திரும்புதல் வேண்டும். அது வெளியூரில் பெற்ற பாராட்டை மட்டும் சுமந்து வருமாயின் கடன் தீர்ந்ததாகாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பெயர்த்தியின் குரலில், அவளுடைய பாட்டியின் காதில், தன் பேச்சாகவே அது ஒலிக்கும் நாளில் அக்கடனின் ஒரு பகுதியேனும் தீரும் எனலாம்.