வெட்டாத கத்தி

கத்தி சேர்ப்பவன் என்று சொன்னால் சிலர் ஓரடி பின்னால் நகர்கிறார்கள். பயப்பட வேண்டியதில்லை, எங்கள் கத்தி எலுமிச்சம்பழத்தைக்கூட நறுக்குவதில்லை. என் சங்கடமே அதுதான்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்துக் கத்திக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். தாமே அடித்துத் தீட்டிய கத்திகளைப் பரப்பிக்கொண்டு மேஜைதோறும் கொல்லர்கள். கேட்காமல் எடுக்கக் கூடாது; அலகில் விரல் படக் கூடாது. விரலின் ஈரமே எஃகில் துருவேற்றிவிடும். ஒருமுறை வெட்டிவிட்டாலோ விலை இறங்கிவிடும். ஆகவே வாங்கியவன் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறான்.

செய்தவர்களில் சிலர் கடும் பரீட்சை தேறியவர்கள். பில் மோரன் 1976-ல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியில் பட்டம் பெற, தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச் சட்டத்தை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும். பிறகும் அந்தக் கத்தி கைமயிரை மழிக்க வேண்டும். கடைசியில் அதை வைஸில் மாட்டி 90 டிகிரி வளைப்பார்கள். இரண்டாக ஒடியக் கூடாது. உழைத்த கத்திக்கு அந்தக் கதி. அதன் பெயரைச் சொல்லி விலைபோகும் தம்பிகளுக்குப் பட்டு மெத்தை!

வீணையைப் பூட்டி வைத்தால் பாவம் என்போம். கத்தி சும்மா இருந்தால் நல்லதுதானே என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது ஒப்பவில்லை. ஆனால் காய் நறுக்குகிறவர் இந்த விலை கொடுக்க மாட்டார். பூட்டி வைக்கிறவன் பணத்தில்தான் பல உலைகள் எரிகின்றன.

"இதை வைத்து என்ன வெட்டுவீர்கள்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"ஒன்றும் இல்லை" என்றேன்.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். கத்தியைக் கொடுக்குமுன் ஒரு தாளை எடுத்து, மேலிருந்து கீழாக, நிதானமாக அறுத்தார்.