நந்தினிக்கு எத்தனை மார்க்கு?

ஒரே நாவலைப் பல பாடங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. 'பொன்னியின் செல்வன்' வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியே அந்த ஏரிக்கு வருவதைப் பூகோள வாத்தியார் படம் போட்டுக் காட்டலாம். தமிழாசிரியரைக் கேட்கவே வேண்டாம். வம்பெல்லாம் சரித்திர வகுப்பில்தான்.

ஆதித்த கரிகாலன் சாவுக்கு நந்தினியே காரணம் என்று பரீட்சையில் எழுதிவிட்டாள் என் தங்கை மகள். சைபர்! நியாயந்தான், நந்தினி கல்கியின் கற்பனை. அவனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு சொல்வது சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரை.

"ரவிதாசனும் கதையில் வருகிறானே, மாமா! அவன் மட்டும் நிஜமா?" என்றாள்.

திகைத்துப்போனேன். கல்வெட்டில் அவனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம் இருக்கிறது. கதையிலோ அவன் மந்திரவாதி. நந்தினியை இட்டுக்கட்டியதில் யாருக்கும் நஷ்டமில்லை. வாழ்ந்து மறைந்தவனுக்கு வேஷம் கட்டினால்? அவன் எழுந்து வந்து பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதப் போகிறானா? சரித்திரக் கதை எழுதிக் காசு வாங்கிய எனக்கும் அந்தச் சைபரில் பங்கு உண்டு.

கல்வெட்டின் வாசகத்தைத் தேடிக் கொடுத்தேன். நாவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டிலும் வரும் பெயர்களுக்குப் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.