குடிசையை எண்ணியவர்கள்

ஒரு மனிதனை எண்ணுவது அவனை மதிப்பதாகுமா? நம்மொழியில் ‘மதிப்பு’ என்னுஞ் சொல் விலையையும் குறிக்கும், மரியாதையையுங் குறிக்கும். ‘குடிசன மதிப்பு’ என்கையில் இரண்டும் கலந்தே ஒலிக்கின்றன. கென்யாவின் வரலாறு அவற்றை வேறுபிரித்துக் காட்டுகின்றது.

1901 ஆம் ஆண்டு பிரித்தானியர் அங்கு குடிசை வரி விதித்தனர். வரி ரூபாவிற் கேட்கப்பட்டது. அன்று அந்நாட்டில் வழங்கியது இந்திய ரூபாவே. அதிகாரிகள் குடிசைகளை எண்ணினர். குடிசைக்கு இத்தனை பேர் எனத் தாமே ஓர் எண்ணை வைத்துப் பெருக்கினர். அதுவே ஆபிரிக்கரின் சனத்தொகை எனப்பட்டது. வரிக்கஞ்சிப் பலர் ஒரே கூரையின்கீழ் ஒடுங்கினால், ஏட்டிலே மனிதரும் குறைந்தனர். மனைவியர் பலரை உடையவன் ஒவ்வொருத்தியின் குடிசைக்கும் வரி கொடுத்தான். அப்பெண்கள் அரசுக்குக் குடிசைகளே. 1910 இல் குடிசையற்ற ஆண்கள்மீதும் தலைவரி விழுந்தது. வரிக்குக் காசு வேண்டும். காசுக்கு வெள்ளையரின் பண்ணைக்குப் போகவேண்டும். இதற்காகவே எண்ணினார்கள் என்பதை மறைக்க அவர்கள் பெரிதும் முயன்றதாகவுந் தெரியவில்லை.

1921, 1926, 1931 ஆகிய ஆண்டுகளிற் குடிசன மதிப்பு நடைபெற்றது. ஐரோப்பியர், இந்தியர், அராபியர் ஆளாளாக எண்ணப்பட்டனர். மண்ணின் மக்கள் மதிப்பீட்டோடு விடப்பட்டனர்.

எண்ணத் தெரியாமலா விட்டார்கள்? 1915 ஆம் ஆண்டுச் சட்டம் போரின்பின் நடைமுறைக்கு வந்தபோது, பதினாறு வயதைக் கடந்த ஆபிரிக்க ஆண்களின் விரலடையாளம் பதியப்பட்டது. ‘கிப்பண்டே’ என்னும் அப்பத்திரத்தைத் தகரச் சிமிழிலிட்டுக் கழுத்திலே தொங்கவிட்டுத் திரிந்தனர். உழைக்கும் கையை ஒவ்வொன்றாக அறிந்த அரசு, அதே போரிற் சுமைதூக்கி மாண்டவர்களைச் சரிவரக் கணக்கிடவில்லை. அரசின் கணக்கிலேயே அத்தொகை 40,000 ஐத் தாண்டும். பலருக்குப் பெயருமில்லை, கல்லறையுமில்லை.

எண்ணுவதே ஒடுக்குமுறை என்று சிலர் வாதிப்பர். அவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. 1932 இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழு, ஆபிரிக்கருக்கு எவ்வளவு நிலம் தேவை என ஆராய்ந்தது. அவர்கள் எத்தனை பேர் என்பதோ எவருக்குந் திடமாகத் தெரியாது. தொகை குறைந்தால் தேவையுங் குறைந்ததாகத் தோன்றும். எண்ணப்படாதவன் வரியிலிருந்து தப்பவில்லை; காணியைக் கேட்கும் ஆதாரத்தையே இழந்தான். குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் ஆலோசகராயிருந்த குசின்ஸ்கி என்னும் குடித்தொகை அறிஞரே இத்தகைய மதிப்பீடுகளின் நம்பகமின்மையை விரிவாக எடுத்துக்காட்டினார். அவர் நூலின் கிழக்காபிரிக்கப் பகுதி, அவர் மறைந்தபின் 1949 இல் வெளிவந்தது.

அதற்கு முந்திய ஆண்டில், 1948 இல், கென்யாவில் ஆபிரிக்கர் முதன்முறையாக எண்ணப்பட்டனர். 52 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அதுவரை அரசு நம்பியிருந்த தொகை இதனினும் பல இலட்சம் குறைவு. ஆணைக்குழு வகுத்த காணி எல்லைகளோ அப்படியே இருந்தன.