புகை இல்லாத நெருப்பு

பஞ்சர் கடை மூலையில் தடதடக்கும் கம்ப்ரசருக்கு எட்டு, பத்து பார் அழுத்தம் போதும். ஸ்கூபா சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரசர் 200 பாரைத் தாண்ட வேண்டும். 11 லிட்டர் தண்ணீர் கொள்ளும் சிலிண்டருக்குள் அது இரண்டாயிரம் லிட்டருக்கும் மேலான காற்றைத் திணிக்கிறது. பஞ்சர் கடைக் காற்று டயருக்குப் போகிறது. இந்தக் காற்று ஒருவரின் நுரையீரலுக்குப் போகிறது.

டைவிங் மையம் தொடங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது வேகத்தைத்தான். நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் கம்ப்ரசர் என்றால் ஒரு காலி சிலிண்டர் நிரம்ப 22 நிமிடம் ஆகும். பள்ளிக்கூடக் கணக்கு. அதோடு விலை, எடை, மோட்டாரா பெட்ரோல் எஞ்சினா என்ற விசாரணை. இவை எல்லாவற்றுக்கும் விற்பவரிடம் பதில் உண்டு. வரும் காற்று நல்ல காற்றுதான் என்பது எதை வைத்துத் தெரியும் என்று கேட்டால்தான் விஷயம் தத்துவத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

நம் தர்க்க நூல்கள் இதை அளவை என்ற தலைப்பில் பேசின. ஒன்றை அறிந்தேன் என்று சொல்ல என்ன ஆதாரம்? அந்த ஆதாரங்களைக் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அடையாளம் கொண்டு ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடக்கிவிடுகிறது சிவஞான சித்தியார். மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் பூதவாதிக்குக் காண்டல் ஒன்றே போதும். உன் தாய் தந்தையைக் கருதல் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள்.

கம்ப்ரசர் அறையிலும் பூதவாதிகள் உண்டு. வால்வைச் சற்றே திறந்து முகர்ந்து பார்த்து, ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். எண்ணெய் நாற்றம் அடித்தால் காற்று கெட்டது என்பது சரி. நாற்றமே இல்லாவிட்டால்? கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல நான்கு மடங்கு. மேலே பத்து லட்சத்தில் 10 பங்காக இருந்த நச்சு, அங்கே 40 பங்குக்குச் சமம். கூடவே ஆக்சிஜனின் அழுத்தமும் ஏறியிருப்பதால் கீழே உடல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மேலே ஏறும்போதுதான் தடுமாற்றம். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தர அளவான இஎன் 12021, பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடை அனுமதிப்பதில்லை.

மூக்கு தோற்ற இடத்தில் கருதல் வேலை செய்ய வேண்டும். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்பது நியாய நூல்களின் பழகிய உதாரணம். கம்ப்ரசரில் இருப்பதோ புகை காட்டாத நெருப்பு. காற்றை அமுக்கினால் சூடேறும். அதனால்தான் மூன்று, நான்கு கட்டங்களாக அமுக்கி, இடையிடையே குளிர்விக்கிறார்கள். குளிர்விப்பு பழுதானால் கம்ப்ரசருக்குள் இருக்கும் மசகு எண்ணெயே கருகி நச்சை உண்டாக்கலாம். பெட்ரோல் எஞ்சின் என்றால் அதன் சொந்தப் புகையையே உறிஞ்சிவிடும் ஆபத்தும் உண்டு. மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் இடத்தில் மோட்டாரை விட்டு எஞ்சினை வாங்குவதற்கு நியாயமே இல்லை. காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் எந்தத் திசையில் இருக்கிறது, ஊற்றுவது சுவாசக் காற்றுக்கு உரிய எண்ணெயா, வடிகட்டி எத்தனை மணி நேரம் ஓடிவிட்டது: இவைதான் இங்கே புகைக்குப் பதிலாக நிற்கும் அடையாளங்கள். வடிகட்டிக்குள் இருக்கும் ஹாப்கலைட் என்ற கலவை கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடும், உலர்ந்திருக்கும் வரை. ஈரம் பட்டால் அது வேலை செய்யாது. நம் கடற்கரை வெயிலிலும் புழுக்கத்திலும் வடிகட்டி சீக்கிரமே தீர்ந்துபோகும்.

எஞ்சியிருப்பது உரை. டைவிங் செய்ய வருபவர் இயந்திரத்தைப் பார்ப்பதுகூட இல்லை. அவருக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு சொல்தான். யார் சொல்லை நம்பலாம்? பொருளை நேரில் அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன். அவனே நம்பத்தக்கவன் என்கிறது நியாய சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய விளக்கவுரை. அவன் ரிஷியாகவும் இருக்கலாம், மிலேச்சனாகவும் இருக்கலாம் என்றும் சேர்க்கிறது. பிறப்பையோ பட்டத்தையோ அது கேட்பதில்லை. சுவரில் தொங்கும் சான்றிதழ், என்றோ ஒரு நாள் எடுத்த மாதிரியைப் பற்றிய சொல். அந்த நாளுக்குப் பிறகு வடிகட்டியை மாற்றாதவர் அறிந்தவரும் இல்லை, சொல்ல விரும்புகிறவரும் இல்லை.

இந்த மூன்றையும் ஒருசேரக் கையாண்டவர் ஸ்காட்லாந்தில் பிறந்த உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன். கார்பன் மோனாக்சைடைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தைத் தானே சோதித்தார். எலி போன்ற சிற்றுயிர்கள் மனிதனுக்கு முன்பே மயங்குவதைக் கண்டார். சுரங்கத்துக்குள் கேனரிப் பறவை போனது அப்படித்தான். கடலில் மூழ்குவோர் மேலேறுவதற்கான கால அட்டவணையை 1908இல் வெளியிட்டவரும் அவரே. தத்துவம் அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல. 1927–28இல் அறிவியலும் தத்துவமும் பற்றி கிஃபோர்டு சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். பிரிட்டன் சுரங்கங்கள் கேனரிகளுக்கு ஓய்வு கொடுக்கத் தொடங்கியது 1986இல். அவற்றின் இடத்துக்கு மின்னணுக் கருவி வந்தது.

கம்ப்ரசர் வாங்குகிறவர்கள் அந்தக் கருவியையும் சேர்த்தே வாங்கட்டும். டைவிங் செய்யப் போகிறவர்கள், சிலிண்டரைத் தோளில் மாட்டும் முன் வடிகட்டி மாற்றிய பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்.