தாய்வீடு யாருடையது?

சாம் மெண்டஸின் ‘அவே வி கோ’ (2009) படத்தில், கருவுற்ற வெரோனாவும் பர்ட்டும் பிள்ளை வளர்க்க ஏற்ற ஊரைத் தேடி அலைகிறார்கள். கடைசியில் சேருமிடம், மறைந்துபோன அவள் பெற்றோரின் வீடு. அங்கே நுழைய அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நம் சேலையூரில் தேடலே கிடையாது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பெயர்தான் தாய்வீடு, பத்திரத்தில் பெரும்பாலும் தாயின் பெயர் இருக்காது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது. அதற்குமுன் மணமானவர்களை விலக்கியது. 2005இன் மத்தியத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது.

ஆனாலும் பங்கு கேட்டவளுக்குப் பிறந்தகம் அந்நியமாகிவிடுகிறது. பிரசவத்துக்கு வருகிறவள் விருந்தாளி; விருந்துக்கு நாள்கணக்கு உண்டு. பங்கு கேட்ட மறுநாளும் அவளுக்குத் திறக்கும் கதவு எதுவோ, அதுவே வீடு.