இடுப்பில் ஒரு தாயத்து

கோலார் தங்க வயல், அதாவது கே.ஜி.எஃப். என்றால் இன்று உலகத்துக்குத் தெரிவது சினிமா நாயகன் ராக்கிதான். 2018இலும் 2022இலும் வந்த அந்த இரண்டு படங்களிலும் மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம் பேசுகின்றன. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த எங்கள் சாம்பியன் ரீப்ஸ் பகுதிப் பையன்களுக்கே, அங்கே படப்பிடிப்பு நடந்த பிறகுதான் அந்த மேட்டின் மீது மவுசு வந்தது. நிஜத்தில் நடந்தது வேறு. இங்கே பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கியவர்கள் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள்; பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இருந்ததில்லை. துப்பாக்கி வேறு கைகளில் இருந்தது. வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்திய ஊழியர்களைக் கொண்ட வாலண்டியர் படை என்றே ஒன்று இருந்தது. 1946 நவம்பரில் வேலைநிறுத்தம் நடந்தபோது போலீஸ் சுட்டதில் 6 தொழிலாளர்கள் செத்தார்கள். எங்கள் ஊருக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு இதுதான்: குழலின் எந்தப் பக்கம் நின்றோம் என்பதில் சந்தேகமே இல்லை.

2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து ஊரே ரயிலேறிப் பிழைக்கிறது. விடியுமுன் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டிய பின் இறங்கி, பாதி இடிந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நடுவே நடந்து வருகிற பையன் கேட்கிறான்: "பாக்கெட்ல சின்னதா ஒரு பிஸ்டல் இருந்தா எவன் மாமா கிட்ட வருவான்?"

கேட்கிறவனின் பயம் நிஜம். அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் பயத்துக்கு மருந்து என்று எதை யார் நீட்டினாலும், அது குணப்படுத்துமா என்று கேட்காமல் வாயில் போட்டுக்கொள்வது பகுத்தறிவு ஆகாது.

தாயத்துக் கட்டியவனைக் கேட்டுப் பாருங்கள். ஆபத்து வரவில்லை என்றால் தாயத்து காத்தது என்பான். வந்துவிட்டால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பான். எது நடந்தாலும் ஜெயிப்பது தாயத்து. இடுப்பில் பிஸ்டல் செருகியவனின் தர்க்கமும் இதேதான். ஒன்று மட்டும் வித்தியாசம்: தாயத்து பலிக்காத நாளில் அதைக் கட்டியவன் வந்து ஏமாந்தேன் என்று சொல்லக்கூடும்; பிஸ்டல் பலிக்காத நாளில் சாட்சி சொல்ல ஆள் மிஞ்சுவதில்லை. அதனால்தான் ஊரில் பிஸ்டல் காப்பாற்றிய கதை மட்டும் சுற்றுகிறது.

கதையை விட்டுவிட்டுச் சோதனைக்கு வருவோம். டென்னிஸ் டூலர் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் போலீஸ் பயிற்சியாளராக இருந்தவர். 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்பவன் ஓடிவந்து குத்த எவ்வளவு நேரமாகும் என்று கணக்கெடுத்து 1983இல் எழுதினார். விடை, ஏறத்தாழ ஒன்றரை வினாடி. அந்த ஒன்றரை வினாடிக்குள் நம் பையன் ஆபத்தை ஆபத்து என்று உணர வேண்டும், சட்டையைத் தூக்க வேண்டும், பிஸ்டலை உருவ வேண்டும், சேஃப்டியைத் தள்ள வேண்டும், குறி பார்க்க வேண்டும், அழுத்த வேண்டும். பாக்கெட் பிஸ்டலின் குழல் விரல் நீளம்தான் இருக்கும். முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே சில அங்குலம். பயத்தில் கை ஒரு நூல் ஆடினால் போதும், குண்டு குறியை விட்டு வெகுவாக விலகிப் போகும். ஆண்டுதோறும் பயிற்சி எடுக்கிற நியூயார்க் போலீஸ்காரர்களே, எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் 100க்கு 18 குண்டைத்தான் ஆள்மேல் பட வைத்தார்கள். 1998 முதல் 2006 வரையான கணக்கை ஆராய்ந்து ராண்ட் ஆய்வு நிறுவனம் சொன்னது இது. மீதி 82 குண்டுகள் எங்கேயோ போய்த்தானே ஆக வேண்டும்? ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழந்தை தூங்குகிற லைன் வீட்டில் அந்த 82ஐ யார் வாங்கிக்கொள்வது?

பகுத்தறிவாளர்களின் சாவையே எடுத்துக்கொள்வோம். 2013இல் புனேயில் நரேந்திர தாபோல்கர், 2015இல் கோலாப்பூரில் கோவிந்த் பன்சாரே, அதே ஆண்டு தார்வாடில் கல்புர்கி, 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் கௌரி லங்கேஷ். நான்கு பேரும் கைத்துப்பாக்கிக்குப் பலியானவர்கள். கௌரி வேலை முடிந்து வந்து காரை விட்டு இறங்கி வீட்டு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். கல்புர்கி வீடு தேடி வந்தவர்களிடம் பேச வந்தார். மற்ற இருவரும் காலை நடை போனவர்கள். இவர்கள் பையில் ஆளுக்கொரு பிஸ்டல் இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? கேட்டைத் திறக்கும் கையில் சாவி இருக்குமே தவிர பிஸ்டல் இருக்காது. நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பவன் கொல்ல வருகிறவன். அந்த வசதி தற்காத்துக்கொள்கிறவனுக்கு ஒருநாளும் கிடையாது. கௌரியைக் கொன்றது 7.65 மில்லிமீட்டர் நாட்டுத் துப்பாக்கி. தற்காப்புக்கென்று நம் நாட்டில் லைசென்ஸ் கொடுத்து விற்கிற .32 கைத்துப்பாக்கியின் அளவும் அதுவேதான். குண்டுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. முந்தியவன் பிந்தியவன்தான் தெரியும்.

சரி, திருடனும் கொலைகாரனும் இருட்டில் ஒளிந்திருக்கிறான் என்ற நினைப்பாவது சரிதானா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அவற்றில் வாய்த்தகராறு, சொத்துத் தகராறு, குடும்பத் தகராறு என்று சச்சரவில் முடிந்தவை 9,962. பணம் பொருளுக்காக நடந்தவை 1,884. அதாவது, நம்மைக் கொல்லக்கூடியவன் திருடனாக இருப்பதைவிட நமக்குத் தெரிந்தவனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம்மோடு உட்கார்ந்து காபி குடித்தவன். அப்படிப்பட்ட சண்டையில் பிஸ்டல் யாரைக் காக்கும்? கோபத்தில் கை ஓங்குவதோடு முடிய வேண்டியதைப் பிணத்தில் கொண்டுபோய் முடிக்கும். தமிழர்களுக்கு இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆரைச் சுட்டவர் முகமூடிக் கொள்ளைக்காரன் அல்லர். கூட நடித்த எம்.ஆர். ராதா. மூடநம்பிக்கையை மேடையில் நார் நாராகக் கிழித்த பகுத்தறிவாளர். அடுத்த நொடி தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தது அதிர்ஷ்டம். எம்.ஜி.ஆரின் பழைய குரல் மட்டும் பிழைக்கவில்லை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. அமெரிக்கர்கள் ஆண்டுக்கு 25 லட்சம் தடவை துப்பாக்கியால் தற்காத்துக்கொள்கிறார்கள் என்று கேரி கிளெக் என்ற குற்றவியலாளர் 1990களில் தொலைபேசிக் கணக்கெடுப்பை வைத்துச் சொன்னார். அந்நாட்டு அரசின் கணக்கெடுப்போ அதில் சிறு பங்கைத்தான் காட்டுகிறது. தொலைபேசியில் கேட்டால் எவன்தான் தன்னை வில்லன் என்று சொல்வான்? பிணக்கணக்கு அப்படி அல்ல. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் கொலையாவது, துப்பாக்கி இல்லாத வீட்டாரைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வு 2022இல் சொன்னது. காவலுக்கு வாங்கியது வீட்டுக்காரரையே கடிக்கிறது.

"பெரியாரே 1950களில் கத்தி வைத்துக்கொள்ளச் சொன்னாரே" என்று ஒரு தோழர் மடக்குவார். சொன்னார்தான். அவர் சொன்னார் என்பதற்காக ஒன்று சரியாகிவிடுமானால் அதற்குப் பெயர் பக்தி. அதையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி நம்மை உறுத்த வேண்டிய இடத்துக்கு வருகிறேன். துப்பாக்கி லைசென்ஸ் இந்த நாட்டில் என்றைக்கும் ஆபத்தைப் பார்த்து வழங்கப்பட்டதில்லை; ஆளைப் பார்த்தே வழங்கப்பட்டது. 1878இல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியன் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றது, வெள்ளைக்காரனுக்கு விலக்குக் கொடுத்தது. நம் கர்நாடகத்திலேயே குடகில் கொடவர் சமூகத்துக்குப் பிறப்பினாலேயே அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. மற்ற இடங்களில் துப்பாக்கி தோப்பும் தோட்டமும் உள்ளவர்களின் சுவரில் தொங்குகிறது, ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொள்கிறது.

சட்டப் புத்தகத்தில் ஒரு மூலையில் வேறொன்று எழுதியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியில் மற்றவர்களின் லைசென்ஸை அரசு ரத்து செய்யலாம். தேவைப்பட்டால் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கலாம். அன்றைய கோலார் மாவட்டத்திலேயே, கம்பாலப்பள்ளியில், 2000 மார்ச் 11 அன்று 7 தலித்துகள் வீட்டோடு எரிக்கப்பட்டார்கள். சாட்சிகள் பிறழ்ந்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். தற்காப்புக்குப் பிஸ்டல் வேண்டும் என்று பேசுகிற கனவான்களைக் கேட்கிறேன்: இந்த நாட்டில் தற்காப்பு அவசரமாகத் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தானே? அப்படியானால் முதல் லைசென்ஸை ஒவ்வொரு சேரிக்கும் கொடுக்கச் சொல்லி ஏன் கையெழுத்துப் போடுவதில்லை? கேட்டதுமே நெஞ்சு திடுக்கிடுகிறதா? ஊர் ரத்தக்களறி ஆகிவிடும் என்று தோன்றுகிறதா? உங்கள் இடுப்பில் இருந்தால் பாதுகாப்பு, அவன் இடுப்பில் இருந்தால் ரத்தக்களறி என்றால், நீங்கள் கேட்பது பாதுகாப்பே அல்ல, அந்தஸ்து.

நானும் சேரிக்குப் பிஸ்டல் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை ஆறு குண்டு நிறுத்தாது. அந்த ஆறையே சாக்காக வைத்து மிச்ச வீடுகளும் எரியும். கம்பாலப்பள்ளியில் இல்லாமல் போனவை சாட்சிக்குப் பாதுகாப்பும், குற்றவாளிக்குத் தண்டனையும்.

பெண்களுக்கும் இதே ஏமாற்று. 2012 டெல்லி கூட்டு வல்லுறவுக் கொடூரத்துக்குப் பிறகு, 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று அரைக் கிலோ ரிவால்வர் ஒன்றை நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து விற்றது. விலை ரூ. 1,22,360. காதணி அடகு வைத்துப் பிள்ளைக்குப் பீஸ் கட்டுகிறவளைப் பார்த்து, உன் மானத்தை நீயே விலைக்கு வாங்கிக்கொள் என்று அரசாங்கமே சொன்னதாகத்தான் அதற்கு அர்த்தம்.

எங்கள் ஊருக்கே திரும்புவோம். சாம்பியன் ரீப்ஸ் மக்களைக் கொன்றவை எவை? பாறை வெடிப்பு, பிறகு நுரையீரலில் படிந்த கல்தூசி. 1940களில் சோதித்தபோது சுரங்கத் தொழிலாளர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. அதற்கு நஷ்டஈடு தர 1940இல் மைசூர் அரசு விதி கொண்டுவந்தது. தனி ஆள் எவனும் துப்பாக்கி காட்டி அதை வாங்கியிருக்க முடியாது. பாதுகாப்பு என்பது எல்லாருக்கும் சேர்த்துத்தான் வரும். ஸ்டேஷனிலிருந்து லைன் வரை எரிகிற தெருவிளக்கு, கடைசி ரயிலுக்குக் காத்திருக்கும் பஸ், புகார் கொடுத்தால் ரசீது தருகிற போலீஸ். இவை கேட்டு வாங்க வேண்டியவை, சேர்ந்து கேட்க வேண்டியவை.

இத்தனைக்குப் பிறகும் பிஸ்டல்தான் வேண்டுமா தம்பி? விண்ணப்பம் போடு, அது உன் உரிமை. அந்தப் படிவத்தில், எதற்காகத் தேவை என்று ஒரு கேள்வி வரும். அங்கே நீ யாருக்குப் பயப்படுகிறாயோ அவன் பெயரை எழுது. பெயர் எழுத முடிந்தால் அந்தக் காகிதத்தை நாலு பேரோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போ, நானும் வருகிறேன். எழுதப் பெயரே இல்லை என்றால், நீ யாரைச் சுடப் போகிறாய் என்று உனக்கே தெரியாது. தெரியாதவனைச் சுடத் தயாராக ஊருக்குள் நடக்கிறவனைப் பார்த்துப் பயப்பட எங்களுக்கும் உரிமை உண்டு.